சுழியோடியின் கைப்பெட்டி

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த நம் பழைய சுழியோடிக்குப் பெட்டி படுக்கை என்று எதுவும் இருந்ததில்லை. அடியில் அமிழ்த்த ஒரு கல், மேலே இழுக்க ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. இவையே அவன் உபகரணங்கள். மூச்சை நெஞ்சிலேயே அடக்கிச் சென்றான். 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 'அக்வாலங்' என்னும் சுவாசக் கருவியை ஆக்கிய பின்னரோ, சுழியோடி மூச்சையும் ஒரு சாமானாகக் கூடவே எடுத்துச் செல்லலானான். பெட்டியும் பெருத்தது, அதனோடு தொல்லையும் பெருத்தது.

நம்மிடம் பௌதிகம் பயின்று, இப்போது அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற ஆகஸ்டில் ஊருக்கு வந்திருந்தார். கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்களை 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கண்ட திருகோணமலைக் கடலடியைத் தாமும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பள்ளிக்கூட நாள் தொட்டு இருந்த ஆசை. கையில் இருந்த நாட்களோ நான்கே.

காற்றுச் சிலிண்டரை அவர் கொண்டுவரவில்லை, எவரும் கொண்டுவருவதில்லை. பதினொரு லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் காற்றை அடைத்தால், ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று அதற்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. மோட்டார் வண்டியின் சில்லில் உள்ள அமுக்கம் அதன் நூறில் ஒரு பங்களவே. இத்தகைய பண்டத்தை நிரம்பிய நிலையில் விமானத்தில் ஏற்ற எவர் சம்மதிப்பார்? சிலிண்டரையும் ஈயக் கட்டிகளையும் போகுமிடத்தில் வாடகைக்கு எடுப்பதே வழக்கம்.

சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத்தக்க அமுக்கத்துக்குக் குறைத்துக் கொடுக்கும் றெகுலேற்றரை மட்டும் அவர் மடியிலிருந்து இறக்கவில்லை. உயிர்நாடியான அக்கருவியைச் சரக்கறையில் பிறர் எறிந்து பந்தாட விடலாகாது என்பது சுழியோடிகளின் துணிபு. முகக்கண்ணாடியும், ஆழத்தையும் நேரத்தையும் கணிக்கும் கைக்கணினியும் அவ்வாறே கைப்பெட்டிக்குரியவை. பல விமானக் கம்பனிகள் கைப்பெட்டிக்கு 7 கிலோவே அனுமதிப்பதால் மிதப்புச் சட்டை, காற்செட்டை முதலியன கீழே போகும். கத்தியைச் சொல்லவே வேண்டியதில்லை. றெகுலேற்றரின் தலைப்பகுதி கனத்த பித்தளை. எக்ஸ்ரே கருவியில் அது கரிய கட்டியாகத் தோன்றும். ஆகையால் அதைப் பெட்டியின் மேற்பரப்பில் வைத்தல் நலம். திறந்து காட்டச் சொல்வார்கள், காட்டிவிட்டுப் போகலாம்.

ரோச் லைற்றின் பற்றரி விஷயத்தில் பலர் தலைகீழாக எண்ணுகின்றனர். அபாயமான பொருளாயிற்றே, கீழே போடுவோம் என்பர். மேலதிக லிதியம் பற்றரிகள் கைப்பெட்டியில்தான் செல்ல வேண்டும். தீப்பற்றினால் விமானப் பணியாளரின் கைக்கு எட்டும் இடம் அதுவே. சரக்கறைக்குள் யார் இறங்கி அணைப்பது? வோல்ற்றை அம்பியர்-மணியாற் பெருக்கி வரும் வாற்று-மணி 100க்கு உட்பட்டால் தடையில்லை; 160 வரை கம்பனியின் சம்மதம் வேண்டும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுக.

நம் இளைஞர் இடறியது இவற்றில் அன்று, ஒரு சிறு ஆயுதப் பொதியில். அமெரிக்காவில் ஏழு அங்குலத்துக்கு மேற்படாத கையாயுதங்களைக் கைப்பெட்டியிற் கொண்டுசெல்லலாம். பிரித்தானியாவிலோ தண்டோ அலகோ 6 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆகாது. புறப்பட்ட இடத்திற் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அதே பொதியை, விமானம் மாறிய இடத்தில் பறிகொடுத்தார். குறடு போயிற்று, ஸ்குறூ டிறைவர் போயிற்று, ஒரு சிறு அலன் கீயும் போயிற்று.

அதன் அருமை திருகோணமலையில் தெரிந்தது. றெகுலேற்றர்களில் சிலிண்டரின் வாயைக் கவ்விப் பிடிப்பது ஒருவகை. உள்ளே திருகிப் பொருத்துவது மற்றொருவகை. அவருடையது திருகும் வகை. படகில் வந்த சிலிண்டர்களிலோ கவ்வும் வகைக்குரிய செருகி பூட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டியது அந்த அலன் கீ ஒன்றே. படகில் எவரிடமும் இல்லை. கூட வந்தவர்கள் கடலில் இறங்க, இவர் அணியத்தில் அமர்ந்து வெயில் காய்ந்தார். மாலையில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர் ஒருவர் ஒரு கீயைச் சும்மாவே கொடுத்தாராம்.

அதன் பின்னர் இரண்டு நாள் இறங்கினார். ஆயினும் போன காலைப் பொழுது நெஞ்சை உறுத்தியது. நாலாம் நாள் இரவு விமானம். அன்று விடியற்காலை நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், இப்ப இறங்கினா விமானத்துக்கு இன்னும் பதினாறு மணித்தியாலம் இருக்கு. போதாதோ?" என்றார்.

"போதாது, தம்பி" என்றோம்.

ஆழத்தில் அமுக்கம் மிகுதலால் நைதரசன் உடலிற் கரைகிறது. சோடாப் போத்தலின் மூடியைத் திடீரெனத் திறந்தாற்போல அமுக்கம் சட்டெனக் குறைந்தால் அது குமிழியாகப் புறப்படும். மூட்டுவலி முதல் முடக்கம் வரை நேரலாம். பறக்கும் விமானத்தினுள் உள்ள அமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழக் காற்பங்கு குறையக் கூடும். ஆதலின், பல நாள் தொடர்ந்து சுழியோடியவர் கடைசி முறை கரையேறியபின் குறைந்தது 18 மணித்தியாலம் பறக்கலாகாது என்பது சுழியோடல் மருத்துவர்களின் அறிவுரை. ஒரேயொரு முறை, ஆழத்தில் தங்கி ஏற வேண்டிய தேவையின்றி இறங்கியவர்க்கும் 12 மணித்தியாலம் உண்டு. எக்ஸ்ரே கருவி கண்டுபிடிக்க இயலாத சாமான் இது ஒன்றே.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. அலன் கீயைப் பறித்தவர்மீது இரண்டொரு வார்த்தை சொன்னார். அவற்றை இங்கே எழுதுவது முறையன்று. பிறகு றெகுலேற்றரை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவதாகக் கூறி வைத்துவிட்டார்.

இரவு கட்டுநாயக்காவில் வழியனுப்பச் சென்றோம். பெரிய பெட்டியின் அடியில், சட்டைகளுக்கு நடுவே, திருகோணமலை அலன் கீ துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.