பழைய மடிக்கணினி ஏன் இரைகிறது?

மாணவர்களே! தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அண்ணனோ அக்காவோ அன்று பெற்ற கணினி, தாம்பரம் பக்கத்து வீடுகளில் இன்று பரணில் கிடக்கலாம். அதில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் தொலைக்காட்சியுடன் இணைத்துப் படம் பார்க்கலாம். ஆனால் விசிறியின் இரைச்சலில் வசனமே கேட்பதில்லை. ஏன்?

பிராசசர் ஏற்கும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. செப்புக் குழாய் அவ்வெப்பத்தை மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகிறது. விசிறி அங்கே காற்றைச் செலுத்துகிறது. தகடுகளைத் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. விசிறி மேலும் வேகமாகச் சுழலும்.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையின் ஆற்றலோ ஏறத்தாழ 32-இல் ஒரு பங்காகிவிடும். அதாவது 15 டெசிபல் குறையும்! ஆகவே வெப்பத்துக்கு வழிவிட்டால் அமைதி தானே வரும்.

என்ன செய்யலாம்? பெரியவர் துணையுடன் மின் இணைப்பையும் பேட்டரியையும் நீக்கிவிட்டு, தூரிகையால் தூசியை அகற்றுங்கள். காய்ந்துபோன வெப்பப் பசையைப் பழுதுபார்ப்பவரிடம் மாற்றுங்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். அடியில் இரண்டு மரச்சட்டங்களை வைத்தால் காற்று தடையின்றி நுழையும்.

எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். பெரியவர்களிடம் சொல்லி, மின்கழிவு பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்யுமுன்னும் பின்னும், ஒரே தூரத்தில் கைபேசியை வைத்து டெசிபல் அளந்து பாருங்கள். எவ்வளவு குறைந்தது?