பூச்சிக்கடி என்று நாமே முடிவு கட்டலாமா?

காலையில் எழுந்ததும் தொடையில் ஒரு தடிப்பு. "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கும்" என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். கடித்த பூச்சியைப் பெரும்பாலும் யாரும் பார்த்திருப்பதில்லை.

அநேகமாக எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. ஆனாலும் வீட்டு மூலையில் வலை பின்னுபவற்றால் நமக்குப் பெரிய கேடில்லை; பலவற்றின் பல் மனிதத் தோலில் இறங்குவதே கடினம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் டரான்டுலா கடித்தால் வலி கடுமையாக இருக்கும், தசைப்பிடிப்பு சில நாட்கள் நீடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும். கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது.

என் பயமெல்லாம் சிலந்தியின் தலையில் நாம் கட்டிவிடும் வேறு இரண்டைப் பற்றித்தான்.

ஒன்று, கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது, பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும் நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமைகள் சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். இமை சரிந்தாலே 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். அவசர நிலையில் வருபவரின் உயிர்காக்கும் கடமை, அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உண்டு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "போலீஸ் வரட்டும்" என்று காக்க வைத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல் எனும் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு தோன்றும், வலிக்காது, அரிக்காது. அதனாலேயே அலட்சியம். காய்ச்சலும் தலைவலியும் பின்னால் வரும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். இத்தனைக்கும் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிந்த மாத்திரையை டாக்டர் சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

அந்தப் பொருக்கு பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி என்று மறைவிடங்களில்தான் இருக்கும். காய்ச்சலோடு போகிறவர்கள் கூச்சப்படாமல் அதை டாக்டரிடம் காட்டுங்கள்.