வைக்கோற் புகையும் வயலின் உரமும்

சிறுபோக வெட்டு முடியும் ஆவணி மாதத்து அந்திப்பொழுதில், புளியந்தீவின் மேற்குக் கரையில் நிற்பார்க்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே நிரை நிரையாகப் புகை எழுவது புலனாகும். கச்சான் காற்று வீசுமாயின் அப்புகை வாவியைக் கடந்து நகருள்ளும் வந்து சேரும். அது வைக்கோல் எரியும் புகை. பெரும்போக வெட்டின் பின் மாசி, பங்குனியிலும் இக்காட்சியே. எரிவது பயனற்ற சருகென்று யாமும் பல்லாண்டு வாளாவிருந்தோம். குத்தகைக்கு விட்டிருந்த எம் மூன்று ஏக்கரும் எரிந்தவற்றுள் அடங்கும் என்பதை அறிந்த பின்னரே அதுபற்றி ஆராயத் தலைப்பட்டோம். வகுப்பறையில் திருக்குறளின் உழவு அதிகாரத்தை நடத்திக்கொண்டே வயலில் இதற்கு இடங்கொடுத்திருந்தோம் என்பதை ஒளியாது கூறிவிடுதல் நன்று. யாம் பயிற்றப்பட்ட தமிழாசிரியரேயன்றி விவசாயக் கல்வி பெற்றவரல்லேம். ஆயினும், நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் நகரிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்ந்துகொண்டு, படுவான்கரையில் வயல் உடையவராயிருத்தலின், இதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

மண் பாதுகாப்பு என்றவுடன் மலைச்சரிவில் மண் அரிபட்டோடும் காட்சியே பலர்க்கும் நினைவில் எழும். 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் எழுந்த காலத்திலும் மலைநாட்டின் அரிப்பே பெருங்கவலையாயிருந்தது. நம் வயல்களோ தட்டையானவை. வரம்பு கட்டி நீர் தேக்கப்படுவன. ஈண்டு மண் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் சத்து மட்டும் பெயர்ந்துவிடுகின்றது. பிளவும் பள்ளமும் தோன்றாமையால் உடையவனுக்கு அது தெரிவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் நூற்றுக்கு எண்பது பங்களவு வைக்கோலிலே தங்குகின்றது. மணியிற் சேர்வது சிறுபங்கே. நைதரசனில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கும், பொசுபரசில் மூன்றிலொன்றும் வைக்கோலில் உள்ளன. ஒரு தொன் வைக்கோலிற் பொட்டாசியம் ஏறத்தாழ 15 கிலோவும் நைதரசன் 6 கிலோவும் இருக்கும். ஓர் ஏக்கரில் ஒன்றரைத் தொன் வைக்கோல் கிடைப்பதாகக் கொண்டால், பொட்டாசியம் மட்டும் 22 கிலோ அளவாகும். கடையில் வாங்கும் மியூரியேற் பொட்டாசுப் பசளையில் ஏறக்குறையப் பாதியே பொட்டாசியம். ஆகவே, ஏக்கர் ஒன்றுக்கு 50 கிலோ மூடை ஒன்றை அண்டிய பொட்டாசுப் பசளை வயலிலே கிடக்கின்றது. தீயிட்டால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சுமாயினும், அச்சாம்பல் இயந்திரம் வைக்கோலைக் கொட்டிச் சென்ற வரிசையில் மட்டுமே கிடக்கும். அதிலும் ஒரு பகுதியைக் காற்றும் மழைநீரும் கொண்டுபோகும். உக்கி மண்ணோடு கலந்து ஈரத்தைப் பற்றிவைக்கவேண்டிய காபனும் உடன் அழிகின்றது. மணற்பாங்கான வயலுடையார்க்கு இவ்விழப்பே பெரிது.

முன்னையோர் இரசாயனம் கற்றவரல்லர். அவர்கள் எரிக்காதிருந்தமைக்குக் காரணம் அவர்தம் தொழின்முறையே. கதிரை அரிந்து சூடு வைத்து, களத்தில் எருமைகளைக் கொண்டு மிதிப்பித்தனர். வைக்கோல் களத்திற் போராகக் குவிந்தது. தாள் வயலில் நின்றது. வெட்டு முடிந்ததும் காட்டுப்புறத்திலிருந்து பட்டிகள் வயலுக்கு இறங்கின. அவை தாளை மேய்ந்து எருவாகத் திருப்பிக் கொடுத்தன. களத்தில் வழங்கிய தனிச்சொற்களும் எருமையோடு பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவற்றைத் தொகுப்பார் நம் மாணவருள் எவரேனும் உளராயின் விரைதல் வேண்டும். நிற்க. 1962இல் பசளை மானியம் தொடங்கியது. குறுகிய கால நெல்லினங்கள் பரவின. எருமையை உழவு இயந்திரம் அகற்றியது. பின்னர் வெட்டும் இயந்திரம் வந்து வயலின் நடுவிலேயே வைக்கோலைக் கொட்டியது. பட்டிகளுக்கும் இடம் சுருங்கிவிட்டது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்காகப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தைப் பாலோடு மட்டும் சேர்த்து எண்ணுவோர், அது வயலின் எருவையும் பற்றியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலால் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திரார். நவம்பர் இறுதியில் அத்தடை நீங்கிற்று. ஆயினும் பெரும்போகம் அதற்குமுன்பே விதைக்கப்பட்டிருந்தது. பயிர் வெளிறி நின்றதை வவுணதீவிலிருந்து ஆயித்தியமலை வரை சென்றார் யாவரும் கண்டனர். சேதனப் பசளை பொய்த்தது என்று சிலர் கூறினர். எம் கருத்து அதுவன்று. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 40 கிலோ நைதரசன் வேண்டும். கூட்டெருவில் நைதரசன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கே. எனவே ஏக்கருக்கு நான்கு தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்திற் பயிருக்குக் கிட்டும். பல்லாண்டு எரித்துவந்த மண்ணை ஆறு மாதத்தில் நிரப்ப எந்த வர்த்தமானியாலும் இயலாது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணிலே தாழ்த்திவந்தனர். தலைமுறை தலைமுறையாக அவர் செய்ததை ஆணையால் ஒரு போகத்திற் பெற எண்ணியதே பிழை. யூரியாவை முற்றாக விலக்குக என்று யாம் கூறவில்லை. மண்ணுக்கு உரியதை மண்ணுக்கே விட்டுப் பின்னர் குறைவதை வாங்குக என்பதே எம் வேண்டுகோள்.

அவ்வாறாயின் கமக்காரர் ஏன் எரிக்கின்றனர்? அறியாமையால் என்பது நகரத்தார் கூற்று. எம் வயலைச் செய்பவரிடம் கேட்டோம். "சேர், வரிசையாகக் கிடக்கும் வைக்கோல் கலப்பையிற் சுற்றும், பரப்ப ஆட்கூலி வேண்டும். அடுத்த போகம் இந்த வயல் எனக்கோ வேறொருவருக்கோ, யார் அறிவார்?" என்றார். இவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. போகத்துக்குப் போகம் ஆளை மாற்றிக் குத்தகையை ஏற்றுபவர் நாமே. நாளை தன்னுடையதல்லாத மண்ணுக்கு இன்று கூலி கொடுப்பவன் யார்?

ஆகவே மூன்றாண்டுகளுக்கு முன் குத்தகையில் ஏக்கருக்கு ஒரு மூடை நெல்லைக் குறைத்து, எரிக்கலாகாது என்று பேசிக்கொண்டோம். முதற்போகம் இடர்ப்பட்டோம். வைக்கோலைப் புரட்டிய பத்தாம் நாளே விதைத்தமையால் பயிர் மஞ்சளித்தது. வைக்கோலிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் பட்டினி கிடக்கின்றது. அடுத்த முறை வைக்கோலைப் பரப்பி, ஈரத்தோடு புரட்டி, நான்கு கிழமை விட்டு விதைத்தோம், அக்குறை தோன்றவில்லை. சிறுபோகம் செய்யாத மானாவாரி வயலுக்கு இத்தொல்லையே இல்லை; பங்குனி முதல் புரட்டாதி வரை நிலம் சும்மா கிடக்கின்றது. நீர்ப்பாய்ச்சல் வயலிலேதான் இரு போகத்துக்கிடையே நாள் நெருக்குகின்றது. அங்கே ஒரு பகுதி வைக்கோலை வரம்போரம் குவித்து உக்கவிட்டு மறுபோகம் இடுதல் கூடும்.

விளைவு இரட்டித்தது என்று மார்தட்ட எமக்கு இயலாது. மூடைக்கணக்கு முன்னையது போன்றே உள்ளது. ஆனால் பொட்டாசுப் பசளை வாங்குவது பெரிதும் குறைந்துவிட்டது. மழை பத்து நாள் பிந்தியபோதும் அயல் வயலைப் போல எம் வயல் வெடிக்கவில்லை.

இவ்வாண்டு குத்தகையை ஒரு போகத்துக்கன்றி மூன்று ஆண்டுக்கு எழுதவிருக்கின்றோம். வைக்கோல் பரப்பும் கூலியிற் பாதியைத் தருவீர்களா என்று அவர் கேட்டிருக்கின்றார். தருவதாக ஒப்பியுள்ளோம்.