டம்ளரும் அண்டாவும்

புராஜெக்ட் நடுவில் என் பழைய சின்ன டிஜிட்டல் கேமராவின் லென்ஸ் நீட்டியபடியே நின்றுவிட்டது. டென்சைல் டெஸ்ட்டில் இழுத்து அறுத்த மைல்டு ஸ்டீல் துண்டுகளின் படம் ரிப்போர்ட்டுக்குக் கட்டாயம் வேண்டும். வேறு வழியில்லாமல், பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு, 2018-ல் வந்த மாடலான கேனான் 1500டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். “அதே போட்டோ எடுக்க இவ்வளவு பணமாடா?” என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

பழையது 16 மெகாபிக்சல், புதியது 24. விஷயம் அதில் இல்லை; சென்சாரின் பரப்பில் இருக்கிறது. பழையதில் சுமார் 28 சதுர மி.மீ. இதிலோ 22.3 x 14.9, அதாவது 332 சதுர மி.மீ. ஏறக்குறைய 12 மடங்கு! மழையில் டம்ளரையும் அண்டாவையும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். ஒவ்வொரு பிக்சலுக்கும் சுமார் 8 மடங்கு இடம் கிடைப்பதால், லேபின் மங்கலான டியூப்லைட்டிலும் படம் புள்ளி புள்ளியாகச் சிதறவில்லை.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. சென்சார் பெரிதானால் போகஸ் விழும் ஆழம் குறையும். எப்/5.6-ல் உடைந்த முனையின் விளிம்பு தெளிவு, உள்பள்ளம் மங்கல். டிரைபாடில் நிறுத்தி, எப்/11 வைத்து, ஷட்டரை 4 மடங்கு நேரம் திறந்தேன். பாடத்தில் படித்த கிண்ணமும் கூம்பும் அப்படியே தெரிந்தன!

ஆகவே கேமரா வாங்கப் போகும் நண்பர்களே, கடைக்காரர் மெகாபிக்சல் கணக்குச் சொன்னால், “சென்சார் எத்தனை மி.மீ. அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.