வாதமா, விதண்டாவாதமா?

நாடாளுமன்றத்தில் அமளி என்று செய்தி வரும்போதெல்லாம் ‘எல்லாம் விதண்டாவாதம்’ என அலுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், விதண்டாவாதம் வசைச்சொல்லாகப் பிறந்ததன்று. விவாதத்தை ஒரு கல்வியாகவே பயின்ற நாடு வகுத்த கலைச்சொல் அது.

கௌதமர் இயற்றியதாகக் கூறப்படும் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பகுக்கிறது. உண்மையைக் காணும் நோக்குடன் இரு தரப்பினரும் சான்று காட்டிப் பேசுவது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு சொற்புரட்டையும் கையாள்வது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல், எதிராளியின் கூற்றைத் தகர்க்க மட்டுமே முனைவது விதண்டை.

வாதத்தில் ஒருவர் தோற்றார் என முடிவு செய்வதற்கான 22 நிலைகளையும் அந்நூல் பட்டியலிடுகிறது. பேசுபொருளை விட்டு வேறொன்றுக்குத் தாவுவது, எதிராளியின் கூற்றுக்கு மௌனம் காப்பது, வேறு வேலை இருப்பதாகக் கூறி விவாதத்தைப் பாதியில் முறிப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்ற வேறுபாடின்றி இன்றைய அவைகளில் இம்மூன்றையும் காணலாம்.

மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் நட்புடன் கலந்துரையாடுவதையும் பகைமையுடன் வாதிடுவதையும் பிரித்துக் காட்டி, அவையோரின் தன்மையை அறிந்து பேசுமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது. தமிழில் மணிமேகலையின் 29-ஆவது காதை, காஞ்சியில் அறவண அடிகள் அளவை நெறியையும் போலி வாதங்களையும் கற்பிப்பதாக அமைந்துள்ளது.

சான்று வலுவாக இருந்தால் கேட்பவர் மனம் மாறக்கூடும் என்பதே வாதத்தின் உயிர். அரசியல் நிர்ணய சபை அந்த நம்பிக்கையுடன் இயங்கியது. வரைவு அரசியல் சாசனத்துக்கு 7,635 திருத்தங்கள் அளிக்கப்பட்டு, 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டன. கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணியாத சிலர் இல்லாதிருந்தால் சபை நடவடிக்கைகள் சுவையற்றுப் போயிருக்கும் என்று 1949 நவம்பர் 25-ஆம் தேதி அம்பேத்கர் மனமுவந்து பாராட்டினார்.

அத்தகையோருக்கு இன்று இடமில்லை. 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. பதவிக்கும் பணத்துக்கும் அணி மாறுவதைத் தடுக்கும் அதன் நோக்கம் நியாயமானதே. ஆனால், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம் என்றான பின், எதிர்த்தரப்பின் வாதத்தை ஏற்றாலும் உறுப்பினரால் வாக்கை மாற்ற இயலாது. முடிவு முன்கூட்டியே தெரிந்த அவையில் சான்றுகளுக்கு என்ன வேலை?

விளைவுகள் கண்கூடானவை. ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் போராடிய வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா, 2021 நவம்பர் 29-ஆம் தேதி ஒரே நாளில் இரு அவைகளிலும் முறையான விவாதமின்றி நிறைவேறியது. 2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில், நாட்டின் குற்றவியல் சட்டங்களையே மாற்றும் மூன்று மசோதாக்கள் நிறைவேற்றப்பட்டன.

இதற்குத் தீர்வு புதிதன்று. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற, அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு கொறடாவின் பிடியை நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்க முடிந்தால், அவரை இணங்கவைக்க அமைச்சரும் சான்றோடு பேசியாக வேண்டும். அதுவரை, விதண்டாவாதம் என்று உறுப்பினர்களை மட்டும் பழிப்பதில் பயனில்லை.