மென்பொருட் சோதனையும் பிற கலைகளும்

ஒரு கலையில் வல்லார் தமக்கு வேண்டும் விடைகள் யாவற்றையும் அக்கலைக்குள்ளேயே காண்டல் அரிது. அயற்கலையினின்று கருவி கடன்கொள்ளுதல் அறிவுலகில் இழிவன்று. அதனால் வளர்ந்த கலைகள் பல. இற்றைநாளில் அங்ஙனம் வளர்ந்து வருவது மென்பொருட் சோதனை என்னும் தொழிற்கலை. அது பிறரிடத்துக் கொண்டன யாவை, கொள்ளுங்கால் கருதவேண்டுவது யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கணிப்பொறி இன்னது செய்க என்று எழுதித் தரும் ஆணைத் தொகுதியே மென்பொருள். அதன்கண் உள்ள வழுக்களை, அது மக்கள் கைக்குச் செல்லுமுன் தேடிக் காண்பதே சோதனை. சென்னைக்கு மேற்கே, அயனம்பாக்கத்திற்கு அணித்தாயுள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரும்புறுப்புக்கள் செய்யும் பட்டறைகளும் மென்பொருள் இயற்றும் அலுவலகங்களும் அண்டை அயலாக உள்ளன. ஆயினும், அவ்விரண்டின் சோதனையும் ஒருதன்மையன அல்ல. நூறு கிலோச் சுமையைத் தாங்கும் இரும்புச் சட்டம் அறுபது கிலோவையும் தாங்கும் என்று துணியலாம். மென்பொருட்கோ இத்துணிவு பொருந்தாது. 59-க்கும் 61-க்கும் செவ்வனே விடை தரும் நிரல் 60-க்குத் தவறுதலும் கூடும். எல்லா எண்களையும் எல்லா நிலைமைகளையும் இட்டுப் பார்த்தலோ இயலாததொன்று. ஆகவே, கண்ட சிலவற்றைக்கொண்டு காணாத பலவற்றைப்பற்றி எங்ஙனம் துணிவது என்பதே சோதனையாளர்முன் நிற்கும் வினா. இவ்வினாவை வயலாய்வோரும், மீனாய்வோரும், ஏடாய்வோரும் முன்னரே எதிர்ப்பட்டுள்ளனர்.

முதற்கண் வயலை நோக்குவாம். இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் பணியேற்ற ரொனால்டு பிஷர், விதை, உரம் முதலியவற்றை ஒவ்வொன்றாக மாற்றாது ஒருங்கே மாற்றி, அளவான பாத்திகளைக் கொண்டே பயன் காணும் நெறியை வகுத்தார். அத்துறையிற் பின்னர்ச் 'செங்குத்து அணிகள்' என்னும் எண்ணமைப்பை 1940-களிற் கண்டவர் சி. ஆர். ராவ் (1920-2023). இவர் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஹடகலியிற் பிறந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் பணியாற்றியவர். 1985-இல் இராபர்ட் மாண்டல் என்பார், இவ்வகையினவாகிய இலத்தீன் சதுரங்களை, அடா என்னும் கணிமொழியைப் பொறிமொழியாக்கும் நிரலின் சோதனைக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பணம் செலுத்தும் செயலி ஒன்று மூவகைக் கைபேசியிலும், மூன்று மொழியிலும், மூவகை இணைப்பிலும், மூவகைச் செலுத்துமுறையிலும் இயங்கவேண்டும் என்க. சேர்க்கைகள் அனைத்தும் 81 ஆகும். அணிமுறையால் தேர்ந்த 9 சோதனைகளிலேயே, எந்த இரு கூறுகளை எடுப்பினும் அவற்றின் இணைகள் யாவும் வந்துவிடும். ஆனால், மூன்று கூறுகள் ஒருங்கு கூடியவிடத்தே தோன்றும் வழு இதற்குத் தப்பலாம். தவறுகளிற் பெரும்பாலன ஓரிரு கூறுகளால் விளைவன என்றும், சில ஆறு கூறுகள்வரை கூடியவழியே வெளிப்படுவன என்றும், 2004-இல் கூன் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று.

இனி ஏரிக்கு வருவாம். அயனம்பாக்கத்து ஏரியில் எத்தனை மீன் உள என்று அறிய நீரை வடிக்க வேண்டுவதில்லை. நூறு மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுக. அவை பிறவற்றோடு கலந்தபின் மீண்டும் எண்பது பிடிக்க, அவற்றுள் இருபது அடையாளமுடையன எனின், அடையாளமிட்டவை நாலில் ஒரு பங்காம். ஆகவே ஏரியில் ஏறத்தாழ நானூறு மீன் உள. டென்மார்க்கு நாட்டு மீனியல் அறிஞர் பீட்டர்சன் பெயரால் இம்முறை இன்றும் வழங்குகின்றது. அச்சுப்பிழை திருத்துவோர் இருவர்க்கும் இக்கணக்கு ஏற்குமென்று 1976-இற் காட்டினார் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா. மென்பொருட் சோதனையாளர் ஒருவர் 20 வழுவும் மற்றொருவர் 15 வழுவும் கண்டு, அவற்றுள் 10 இருவர்க்கும் பொதுவாயின், மொத்தம் 20-ஐ 15-ஆற் பெருக்கிப் 10-ஆல் வகுத்த 30 ஆம். கண்டவை 25; எஞ்சியவை ஏறத்தாழ ஐந்து.

திபேரியாக் கடலிற் சீடர் இழுத்த வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்று யோவான் சுவிசேஷம் கூறும். அஃது அகப்பட்டவற்றின் எண். கடலில் எஞ்சியவற்றின் எண்ணன்று. கண்ட வழுக்களை எண்ணி மகிழ்வார் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. மற்று, மீன்கள் யாவும் ஒருபடித்தாக வலைக்குள் வருவனவாயின் மட்டுமே ஏரிக் கணக்குச் செல்லும். மேலே திரியும் கெண்டை இருமுறையும் எளிதில் அகப்பட, சேற்றிற் பதுங்கும் விரால் இருமுறையும் தப்புமாயின், கணக்கு உண்மையினும் குறைந்தே நிற்கும். எளிய வழுக்களையே இருவரும் கண்டவிடத்தும் அங்ஙனமே.

மூன்றாவது, தமிழ் பயில்வார்க்கு அணுக்கமான ஏட்டாராய்ச்சி. 1887-இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார். ஒரு தொழிற்கே பலர் தனித்தனி எழுதிய நிரல்களுக்கு ஒரே வினாவை இட்டு, விடை வேறுபடுமிடத்தை ஆராயும் முறை மென்பொருளிலும் உண்டு. இஃது ஏட்டாராய்ச்சியினின்று கொண்டதன்று. எனினும் இரண்டன் நெறியும் ஒன்றே. ஒரு தாயேட்டைப் பார்த்தெழுதிய பத்து ஏடுகள் பத்துச் சான்றுகள் ஆகா என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். அன்றியும், ஏட்டிற் புள்ளியின்மையாலும், ரகரமும் காலும் ஒரு வடிவினவாய் நிற்றலாலும், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஓரிடத்தே ஒருவாறு பிழைத்தலும் உண்டு. 1986-இல் நைட், லெவ்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், தனித்தனி எழுதுவித்த 27 நிரல்களைப் பத்து லட்சம் முறை சோதித்தபோது கண்டதும் இதுவே. நிரல்கள் ஒருங்கே தவறிய இடங்கள், அவை ஒன்றையொன்று சாராதன எனக் கொண்டு எதிர்பார்த்ததினும் மிகப் பலவாயிருந்தன.

ஆகவே, மூன்றிடத்தும் புலனாவது ஒன்று. ஒவ்வொரு கருவியும் தான் பிறந்த இடத்து ஏதோ ஒன்றை நம்பி நிற்கின்றது. கருவியைக் கடன்கொள்வார் அந்நம்பிக்கை தம்மிடத்தும் மெய்யாமோ என்று ஆராய்தல் வேண்டும். நிரலைக் கொள்வார்க்கும் இவ்விதி உண்டு. கானடா நாட்டிற் செய்த தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறிக்கு, முந்திய பொறிகளின் நிரற்பகுதிகளை எடுத்துக்கொண்டனர். ஆனால், தெராக்-20 என்னும் முந்திய பொறியிற் கேடு நேராது தடுத்துநின்ற பூட்டமைப்புக்களைக் கொண்டிலர். அப்பொறியிலும் வழு இருந்தது. பூட்டு அதன் தீங்கை மறைத்திருந்தது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவிறந்த கதிர் பட்டு இடருற்றனர். அவருட் சிலர் உயிர் துறந்தனர்.

நம் மாணவத் தோழர் பலர், தமிழ் பயின்றார் உட்பட, இத்தொழிலிற் புகக்கூடும். பாடம் ஒப்புநோக்கவும், ஒத்த பாடத்தையும் ஐயுறவும் பயின்ற கண்ணுக்கு ஆண்டும் வேலை உண்டு என்பதே எமது துணிபு. ஆனால், சோதனையை முடித்துக் கையொப்பமிடுங்கால், 'வழு எஞ்சவில்லை' என்று எழுதற்க. இன்ன இடத்தை இம்முறையால் தேடினோம், இன்ன இடத்தைத் தேடிலோம் என்று எழுதுக. அந்நிரலை நம்பி மருத்துவமனைக் கட்டிலிற் கிடப்பார்க்கு நாம் செலுத்தக்கூடிய நேர்மை அதுவே.