வாய் திறக்கும் பழம்

ஜமைக்காவில் காலைச் சாப்பாட்டுக்கு வரும் அந்தத் தட்டைப் பார்த்தால் முட்டைப் பொரியல் என்றுதான் நினைப்போம். வெளிர் மஞ்சளாக, மெத்தென்று, நடுநடுவே வெங்காயமும் தக்காளியும் மீன் துணுக்குகளும் தெரியும். ஆனால் அதில் முட்டையே இல்லை. அது அக்கி என்ற பழத்தின் சதை. உப்பு மீனோடு சேர்த்துச் சமைக்கும் இந்த அக்கிதான் அந்நாட்டின் தேசிய உணவு. (தோலில் வரும் நம்மூர் அக்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மேற்கு ஆப்பிரிக்க அகான் மக்களின் சொல்லிலிருந்து பிறந்த பெயர்.)

மரமும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டில், அடிமை வணிகம் நடந்த காலத்தில் ஜமைக்கா வந்து சேர்ந்தது. 1793-இல் அங்கே சீமைப்பலாக் கன்றுகளை இறக்கிய கேப்டன் வில்லியம் பிளை, திரும்பும்போது அக்கியை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதனால் அதன் தாவரவியல் பெயர் பிளைகியா சபிடா. பெயர் கப்பல் தலைவருக்குப் போய்விட்டது. பழத்தை எப்போது, எப்படிச் சாப்பிடலாம் என்று தெரிந்து வைத்திருந்தவர்களோ, யாரும் பெயரெழுதி வைக்காத ஆப்பிரிக்க மக்கள்.

அந்த அறிவு உயிர் காக்கும் அறிவு. பேரிக்காய் போன்ற பழம் சிவந்து முற்றியதும், மரத்தில் இருக்கும்போதே தானாக மூன்றாகப் பிளக்கும். உள்ளே பளபளக்கும் கருங்கொட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் வெண்மஞ்சள் சதை. அந்தச் சதையை மட்டுமே உண்ணலாம். கொட்டையையும், சதை மடிப்பில் ஒட்டியுள்ள சிவந்த சவ்வையும் எடுத்து எறிந்துவிட வேண்டும்.

பிளக்காத காயில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு நிறைய இருக்கும். வயிறு காலியாக இருக்கும்போது நம் உடல் கொழுப்பை எரித்துச் சமாளிக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. ஹைப்போகிளைசின் உடலுக்குள் உருமாறி, கொழுப்பை எரிக்கும் நொதிகளையே முடக்கிவிடும். கையிருப்புச் சர்க்கரை தீர்ந்ததும் கடும் வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு, சில வேளை மரணம். ‘ஜமைக்கா வாந்தி நோய்’ என்று அஞ்சப்பட்ட இதன் காரணப் பொருளை 1950-களில்தான் வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். பழம் பழுத்துப் பிளக்கும்போது சதையில் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கொட்டையில் தங்கிவிடுகிறது. காயை வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது. சூடு இந்த நஞ்சை அழிப்பதில்லை.

லிச்சி, பூந்திக்கொட்டை எல்லாம் அக்கியின் குடும்பமே. 2014-இல் பீகாரின் முசாபர்பூரில் குழந்தைகளைத் தாக்கிய மர்ம நோயை ஆராய்ந்தபோது, லிச்சியில் உள்ள இதே வகை நஞ்சும், இரவு உணவு இல்லாத வெறும் வயிறும் சேர்ந்ததே காரணம் என்று தெரியவந்தது.

இனி அடுப்படிக்குப் போவோம். உப்பு மீன் என்பது வட அட்லாண்டிக்கின் காட் மீன் கருவாடு; கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகக் கொடுக்கப்பட்டது. அதை இரவே ஊறவைத்து, வேகவைத்து, உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உதிர்த்துக்கொள்வார்கள். அக்கியையும் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுவார்கள். எண்ணெயில் வெங்காயம், தக்காளி, தைம் தழை, ஸ்காட்ச் பானெட் மிளகாய் வதங்கியதும் மீன் சேரும். அந்த மிளகாய் குட்டிக் குல்லாய் போலிருக்கும். காரம் கடுமை, ஆனால் பழ வாசனை கமழும். கடைசியில்தான் அக்கி. கரண்டி போட்டுக் கிண்டினால் குழைந்துவிடும் என்பதால் மெதுவாகப் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்குவார்கள். வெண்ணெய் போன்ற சாதுவான சதை, மீனின் உப்பையும் மிளகாயின் காரத்தையும் உள்ளிழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொள்ள அல்ல, வயிறு நிறைய உண்ண, சுட்ட சீமைப்பலாவோ அவித்த வாழைக்காயோ கூட வரும்.

அமெரிக்கா 1973-இல் அக்கி இறக்குமதிக்குத் தடை விதித்தது. 2000-இல்தான், சோதனையில் தேறிய ஆலைகளின் டப்பாக்களை மட்டும் அனுமதித்தது. லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் வாசகர்கள் கரீபியக் கடைகளில் அக்கி டப்பாக்களைப் பார்க்கலாம். ஏற்கெனவே வெந்த சதைதான். நீரை வடித்து, கடைசியில் சேர்த்துச் சூடாக்கினால் போதும். டப்பாவில் அடைக்காத புதுப் பழமாகக் கிடைத்தால், தானாக வாய் திறந்ததை மட்டும் வாங்குங்கள்.